பழைய கஷ்டம்

போலிஷ் மொழியில் கஞ்சனுடைய சட்டைப்பையில் ஒரு பாம்பு இருக்கிறது. காசு எடுக்கக் கையை விட்டால் கொத்திவிடும், அதனால் அவன் கையை விடுவதே இல்லை. சிடுசிடுவென்று இருப்பவனுக்கு மூக்கில் ஈக்கள். சுருதி சேராமல் பாடுகிறவனின் காதை யானை மிதித்திருக்கிறது. ஓயாமல் நச்சரிப்பவன் நம் வயிற்றில் துளை போடுகிறான். செத்துப்போனவன் பூக்களை அடிப்பக்கத்திலிருந்து முகர்ந்துகொண்டிருக்கிறான்.

வ்ரோத்ஸ்வாஃப் நகரத்துக்கு நாங்கள் வந்து ஆறு வருஷம் ஆகிறது. போலந்தின் தென்மேற்கில், ஓத்ரா ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். மென்பொருள் வேலை. அலுவலகத்தில் ஆங்கிலம் போதும், கடையில் இயந்திரத்திடம் காசு கட்டிவிட்டு வந்துவிடலாம். ஒரு முழு வாக்கியம் போலிஷ் பேசாமல் இங்கே பல வருஷம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். நான் படிக்க ஆரம்பித்ததற்கு முதல் காரணம் காகிதம்தான். நீண்டகாலக் குடியிருப்பு அனுமதி வேண்டுமென்றால் பி1 நிலை வரை போலிஷ் தெரியும் என்று சான்று காட்ட வேண்டும். இரண்டாவது காரணம் என் மகள். அதற்குப் பிறகு வருகிறேன்.

மாலை வகுப்பில் பாதிப் பேர் உக்ரைன்காரர்கள், பெலாரஸ்காரர்கள். அவர்களுக்கு இது பக்கத்து வீட்டு மொழி. எனக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர்களைப்போல மூச்சு முட்டவில்லை: வேற்றுமை. போலிஷில் ஏழு வேற்றுமைகள். ஆங்கிலம் மட்டுமே தெரிந்து வருகிறவர்கள் இங்கேதான் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். நாம் எட்டு வேற்றுமை படித்துவிட்டு வந்தவர்கள். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பள்ளியில் ராகம்போட்டு ஒப்பித்தது நாலாயிரம் மைல் தாண்டி உதவும் என்று தமிழாசிரியர் நினைத்திருக்க மாட்டார். விளி வேற்றுமைகூட இவர்களிடம் இருக்கிறது. பாட்டி என்பது ‘பாப்ச்யா’. கூப்பிடும்போது ‘பாப்ச்யு’.

இலக்கணம் புத்தகத்தில் கிடைத்துவிடும். மரபுத்தொடர்கள்தான் சிக்கல். ஒவ்வொரு வார்த்தையும் தெரியும், சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அலுவலகத்தில் ஒருநாள் ஒரு திட்டம் கண்டபடி குழம்பிக் கிடந்தபோது பக்கத்து மேசைக்காரர் பெருமூச்சு விட்டு “செஸ்கி ஃபில்ம்” என்றார். செக் நாட்டுப் படம். யாருக்கும் எதுவும் புரியாத நிலைமைக்கு இங்கே அதுதான் பெயர். 1947-இல் வந்த ஒரு செக் படத்தின் தலைப்பு ‘யாருக்கும் ஒன்றும் தெரியாது’ என்பது. தொடர் அதிலிருந்து வந்தது என்பார்கள். படத்தைப் பார்த்தவர்கள் இன்று அதிகம் இருக்க மாட்டார்கள். தொடர் மட்டும் உயிரோடு இருக்கிறது.

இந்த மொழியில் அக்கம்பக்கத்து நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தால் துருக்கிப் பிரசங்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். தெரிந்தும் தெரியாததுபோல இருந்தால் கிரேக்கனாக நடிக்கிறாய். விருந்தில் யாரிடமும் சொல்லாமல் நழுவினால் ஆங்கிலேயன்போலக் கிளம்பிவிட்டாய். வெற்றுப் பேச்சுக்கு ஆஸ்திரியப் பேச்சு என்று பெயர். அத்திப் பூத்தாற்போல நடப்பது ருஷ்ய வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிறது. இந்தியா எங்கே என்று ஆசிரியையிடம் கேட்டேன். யோசித்துவிட்டு “இந்திக்” என்றார். வான்கோழி. பெயர் இந்தியாவிலிருந்து வந்ததுதான், பறவைதான் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதை வைத்து ஒரு பழமொழியும் சொன்னார்: வான்கோழி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது, சனிக்கிழமையே தலையை வெட்டிவிட்டார்கள்.

எனக்கு நம்மூர் வான்கோழி ஞாபகம் வந்தது. மயில் ஆடுவதைப் பார்த்துத் தானும் சிறகை விரித்ததே, அது. ஒரு வெளிநாட்டுக்காரன் அடுத்தவன் பழமொழியைப் பேசுவதில் அந்த ஆட்டம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பலன் உண்டு. நம் முகத்தைப் பார்த்ததும் இங்குள்ள இளைஞர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், உதவுவதாக நினைத்துத்தான். அப்போது “புவ்கா ஸ் மஸ்வெம்” என்று ஒன்றை எடுத்து விட்டால் போதும். வெண்ணெய் தடவிய ரொட்டி, அதாவது ரொம்பச் சுலபம். ஒரு நொடி கண் விரியும், பிறகு போலிஷிலேயே தொடர்வார்கள். சரியான வினைமுற்றோடு நான் பேசிய நீண்ட வாக்கியங்கள் திறக்காத கதவை இந்த ரொட்டி திறந்திருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். எழுபத்தைந்து வயதை நெருங்குகிறார். கணவர் போய் வெகுநாள் ஆகிறது. ஒரே மகன் அயர்லாந்தில். என் மகளுக்கு மூன்று வயதில் அவர் அறிமுகமானார். நாங்கள் இருவரும் வேலையிலிருந்து வரத் தாமதமாகும் நாட்களில் பிள்ளை அவர் வீட்டில்தான் இருக்கும். அவளுக்குத் திருநெல்வேலியில் ஓர் ஆச்சி, இங்கே ஒரு பாப்ச்யா.

பாப்ச்யாவின் பெற்றோர் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. இந்த ஊரே அப்படித்தான். 1945 வரை இது ப்ரெஸ்லாவ் என்ற ஜெர்மன் நகரம். போர் முடிந்து எல்லைகள் மேற்கே நகர்ந்தபோது இங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கே சோவியத் வசம் போய்விட்ட பகுதிகளிலிருந்து போலந்துக்காரர்கள் பலர் ரயிலேறி வந்தார்கள். ல்வூஃப் நகரத்திலிருந்து ஒஸ்ஸொலினேயும் என்ற பெரிய நூலகம் வந்தது. நகரச் சதுக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாடகாசிரியர் ஃப்ரெத்ரோவின் சிலைகூட ல்வூஃபில் இருந்ததுதான், 1956-இல் இங்கே வந்து அமர்ந்தது.

பாப்ச்யா சொன்ன தொடர் ஒன்று: “ஷெஜேச் நா வலீஸ்கஹ்.” பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருப்பது. கிளம்பத் தயாராக, மனசு ஒட்டாமல் வாழ்வது. “எங்க அம்மா அப்படித்தான் இருந்தாள். ஜெர்மன்காரன் திரும்பி வருவான், வீட்டைக் கேட்பான்னு. சுவத்துல ஒரு ஆணி அடிக்க விடமாட்டாள்.” மேற்கு ஜெர்மனி போலந்தோடு எல்லை குறித்து ஒப்பந்தம் போட்டது 1970-இல். ஒன்றுபட்ட ஜெர்மனி அதை இறுதியாக உறுதிசெய்தது 1990-இல். அதுவரைக்கும் இந்த நகரத்தில் நிறையப் பேர் பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அதைக் கேட்டபோது எங்கள் வீட்டுச் சுவர்களை நினைத்துக்கொண்டேன். ஆறு வருஷத்தில் நாங்களும் ஓர் ஆணி அடிக்கவில்லை. வாடகை வீடு, அனுமதி அட்டை, அடுத்த வருஷம் ஊருக்கே போயிடலாமா என்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தவறாமல் வரும் பேச்சு. தமிழில் அதற்கு நான் வார்த்தை தேடியதில்லை. போலிஷ் கொடுத்தது.

சோஷலிசக் காலத்து வரிசைகளைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். 1976-இல் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது, 1981-இல் இறைச்சிக்கு. வரிசையில் நிற்பதற்கே கமிட்டி, பெயர்ப்பட்டியல், காசு வாங்கிக்கொண்டு நமக்காக நிற்கும் ஆட்கள். அந்த நாட்களின் மந்திரம் “பான் து நியே ஸ்தாவ்.” ஐயா, நீங்க இங்க நிக்கலையே! இன்றைக்கும் யாராவது வரிசையில் நுழைந்தால் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ரேஷன் கடையில் பையையும் கல்லையும் வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வரும் என் அம்மாவைப் பற்றி நான் சொன்னேன். “கல்லு நிக்குமா?” என்று கேட்டு அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். 2011-இல் அந்த வரிசை வாழ்க்கையை வைத்து இங்குள்ள தேசிய நினைவு நிறுவனம் ‘கொலேய்க்கா’ என்று ஓர் அட்டை விளையாட்டு வெளியிட்டது. பாப்ச்யாவும் என் மகளும் அதை விளையாடுவார்கள். நிஜ வரிசையில் ஜெயித்ததை விட இதில் ஜெயிப்பது கஷ்டம் என்பார் பாப்ச்யா.

மகளுக்கு வருகிறேன். அவளுக்கு இப்போது ஒன்பது வயது. போலிஷில் கனவு காண்கிறாள். வீட்டில் தமிழ் பேசுகிறாள், ஆனால் அதில் ஒரு விசித்திரம் நடக்க ஆரம்பித்தது. வீட்டுப்பாடம் முடிச்சியா என்று நாலாவது தடவை கேட்டால், “அப்பா, என் வயித்துல ஓட்டை போடாதீங்க” என்பாள். ஒருநாள் வீடியோ அழைப்பில் உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி, ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்று அம்மா கேட்டாள்.

“மூக்குல ஈ இருக்கு ஆச்சி.”

அந்தப் பக்கம் ஒரே களேபரம். “ஏல, பிள்ளைக்கு மூக்குக்குள்ள ஈ போயிட்டாம்ல! டாக்டர்ட்ட காட்டாம என்னல பண்ணுத?”

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ராத்திரி படுத்தபோது சிரிப்பு வரவில்லை. பிள்ளையின் கோபமும் கிண்டலும் வேறு மொழியில் பிறந்து, தமிழுக்கு வரும்போது சட்டை மாற்றிக்கொண்டு வருகின்றன. எங்களிடம் அவள் பேசும் தமிழ் என்னவென்று மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். சாப்பிட்டேன், குளிச்சேன், தூக்கம் வருது, வேண்டாம். இன்னும் பத்து வருஷத்தில் அவள் யாரையாவது காதலிப்பாள், எதிலாவது தோற்பாள், ஏதாவது ஒரு கூட்டத்தில் எல்லாரையும் சிரிக்கவைப்பாள். அது எதுவும் தமிழில் நடக்கப்போவதில்லை. நானும் அவளும் கடைசிவரை சாப்பிட்டியா குளிச்சியாவிலேயே நின்றுவிடுவோமா?

அனுமதி அட்டைக்காகப் படித்த போலிஷை அதன் பிறகுதான் அவளுக்காகப் படிக்க ஆரம்பித்தேன். அவளைத் தமிழுக்குள் இழுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் கை வலிக்கும். நானும் கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நின்றால் தூரம் பாதியாகக் குறையும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டினோம். அவள் ஒரு போலிஷ் தொடர் எழுதவேண்டும், நான் அதற்கு ஈடாக ஒரு தமிழ்த் தொடர். ஊசியை வைத்துக்கொண்டு வைக்கோல் வாரும் முள்கரண்டி செய்வது என்று அவள் எழுதினாள். பேனைப் பெருமாளாக்குவது என்று நான் எழுதினேன். பேன் என்றால் என்ன என்று கேட்டாள். பெருமாள் என்றால் யார் என்று கேட்டாள். ஒரு மணி நேரம் போனது.

சுவரில் பட்டாணியை எறிவது என்று ஒருநாள் எழுதினாள். சொல்லிச் சொல்லிப் பயனில்லை என்று அர்த்தம். வகுப்பில் இருந்த உக்ரைன்காரர்கள் தங்களிடமும் இதே பட்டாணிதான் என்று சொல்லியிருந்தார்கள். நான் செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எழுதினேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஏன்ப்பா செவிடன்? அவர் பாவம்ல. என் கிளாஸ்ல ஒரு பையன் மெஷின் போட்டுருக்கான்.” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பட்டாணிக்கு வலிக்காது” என்றாள். சங்கை அடித்துவிட்டோம். இப்போது எங்கள் வீட்டுத் தமிழில் பட்டாணிதான்.

இந்த நாட்டில் “ட்சோ ஸ்விஹாச்?” என்று விசாரிப்பார்கள். நேர்ப்பொருளில், என்ன கேட்கிறது? நம்ம ‘என்ன சேதி’ மாதிரி. படிக்கட்டில் பாப்ச்யாவிடம் நான் இதைக் கேட்பேன். ஆறு வருஷமாக ஒரே பதில்: “ஸ்தாரா பியெதா.” பழைய வறுமை. பியெதா என்றால் இல்லாமை, துன்பம். பழைய கஷ்டம்தான், வேறென்ன. அமெரிக்கர்களைப்போல எல்லாம் பிரமாதம் என்று இங்கே வயதானவர்கள் சொல்லிக் கேட்பது ருஷ்ய வருஷத்துக்கு ஒருமுறைதான். முதுகுவலி, மருந்து விலை, அரசாங்கம் என்று கொஞ்சம் முனகினால்தான் பேச்சுக்கு மரியாதை. நம் ஊரிலும் “என்னத்தச் சொல்ல, ஓடுது” என்பார்கள் இல்லையா, அந்த வகை.

போன அக்டோபரில் ஒரு சாயங்காலம், கையில் ரொட்டியோடு அவர் ஏறிக்கொண்டிருந்தார். ட்சோ ஸ்விஹாச் என்றேன்.

“தோப்ஷே. ஜென்குயெ.” நல்லா இருக்கேன். நன்றி.

மேலே வந்து மனைவியிடம் சொன்னேன்.

“நல்லா இருக்காங்கன்னா நல்லதுதானே?” என்றாள்.

“இல்ல. அவங்க அப்படிச் சொல்லவே மாட்டாங்க.”

ரசம் வைத்திருந்தோம். ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கீழே போனேன். கதவைத் திறந்தவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டார். மேசையில் ஒரு மருத்துவமனைக் கவர் இருந்தது. குடலில் கட்டி. மூன்று வாரத்தில் அறுவை சிகிச்சை. “இது பழசு இல்ல,” என்றார். “புதுசு.”

மகனுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். தலையாட்டினார், இல்லை என்று. அவனுக்கு அங்கே ஒரு சர்க்கஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, இதையும் எதற்கு என்றார். உலகத்துக்கே தெரிந்த போலிஷ் பழமொழி ஒன்று உண்டு, “நியே முய் ட்சிர்க், நியே மொயே மௌப்பி.” என் சர்க்கஸ் இல்லை, என் குரங்குகளும் இல்லை. சட்டையில்கூட அச்சடித்து விற்கிறார்கள். நானும் அதைச் சொல்லிக்கொண்டு மாடி ஏறியிருக்கலாம். அவர் வீட்டு விஷயம், அவர் மகன். ஆனால் ரசம் ஆறிக்கொண்டிருந்தது, நான் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒரு படிவத்தை நகர்த்தினார். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் யார் எண்ணைப் போடலாம் என்று கேட்டார்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் டிராமில் அவரோடு போனேன். இங்கே பெரியவர்களை ‘பானி’ என்று மரியாதையோடு, படர்க்கையில் வைத்துத்தான் பேசவேண்டும். அம்மையார் தேநீர் அருந்துகிறாரா என்பதுபோல. அதை விட்டு ஒருமைக்கு இறங்குவதென்றால் வயதில் மூத்தவர்தான் அனுமதி தரவேண்டும். டிராமில் அவர் அதைத் தந்தார். இனி பெயர் சொல்லியே கூப்பிடு, என் எண்ணுக்குப் பதிலா உன் எண்ணைக் கொடுத்திருக்கேன், இன்னும் என்ன பானி என்றார். எழுபத்துநாலு வயதுக்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு எந்த மொழியிலும் ஒத்துக்கொள்ளாது. “பாப்ச்யு” என்றேன். விளி வேற்றுமை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யாருக்காவது நல்லது நடக்கவேண்டும் என்றால் போலந்துக்காரர்கள் “ட்ஷிமாம் க்சூக்கி” என்பார்கள். கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஜெர்மானியர்களிடமும் இதே வழக்கம் உண்டு. கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடிக்கொள்ளவேண்டும். அன்று காலை என் மகள் இரண்டு கைகளையும் அப்படி மூடிக்கொண்டே பள்ளிக்குப் போனாள். பை மாட்டிவிட்டோம், ஜிப்பும் போட்டுவிட்டோம். பள்ளியில் எப்படி எழுதினாய் என்று பிறகு கேட்டேன். “இடது கையை மட்டும் திறக்கவே இல்லை,” என்றாள். என் அம்மா திருநெல்வேலியில் பிள்ளையார் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போயிருந்தாள். யார் பாட்டிக்கு என்று அர்ச்சகர் கேட்டாராம். “என் பேத்தியோட பாட்டிக்கு” என்றாளாம்.

சிகிச்சை நன்றாக முடிந்தது. கண் விழித்த மறுநாள் பாப்ச்யா தானே மகனைக் கூப்பிட்டுச் சொன்னார். இப்போது சொல்கிறாயே, சாப்பாடு முடிந்த பிறகு கடுகுக் குழம்பா என்று அவன் கத்தினானாம். முஷ்தார்தா போ ஓபியெஜ்யே. மதிய உணவுக்குப் பின் வரும் கடுகு. நாம் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்போமே, அது. கத்திய கையோடு விமானச் சீட்டு எடுத்துவிட்டான் என்று சொல்லி அவருக்குப் பெருமை.

ஒரு வாரம் கழித்து மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனோம். பாப்ச்யா பாதியாகியிருந்தார். பிள்ளை கட்டிலருகே போய் நின்று, பெரிய மனுஷிபோலக் கேட்டாள்: “ட்சோ ஸ்விஹாச், பாப்ச்யு?”

“ஸ்தாரா பியெதா,” என்றார்.

அந்தத் தொடரில் எடை முழுக்க ‘பழைய’ என்ற சொல்லில்தான் இருக்கிறது என்று அப்போது எனக்கு விளங்கியது. கஷ்டம் எல்லாருக்கும் உண்டு. அது பழசாகவே இருப்பது, புதிதாக ஒன்றும் வந்து சேராமல் இருப்பது, அதுதான் நல்ல சேதி. அகராதியில் இதற்கு ‘வழக்கம்போல’ என்று ஒரே வார்த்தையில் பொருள் போட்டிருக்கிறார்கள். தப்பில்லை.

இப்போது பாப்ச்யா வீட்டில் இருக்கிறார். சிகிச்சை தொடர்கிறது. எங்கள் கூடத்துச் சுவரில் போன மாதம் ஓர் ஆணி அடித்தோம். பிள்ளை வரைந்த படம் ஒன்று தொங்குகிறது. மூக்கைச் சுற்றி ஈ பறக்கும் ஓர் ஆச்சி.

நேற்று அம்மா கூப்பிட்டாள். ஊரில் சித்தப்பா வீட்டில் வரப்புத் தகராறு, இரண்டு பக்கமும் இவளைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். நீ என்ன சொன்னே என்று கேட்டேன். “நான் என்னத்தச் சொல்ல? அது நம்ம சர்க்கஸ் இல்ல, நம்ம கொரங்கும் இல்லன்னுட்டேன். அவனுவ திருதிருன்னு முழிக்கானுவ.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த பாப்ச்யாவுக்கு எப்படிலே இருக்கு?” என்றாள்.

“பழைய கஷ்டம்தான்மா.”

“அப்பச் சரி,” என்றாள் அம்மா.